பாதி வாக்கியத்தில் அறுந்த கம்பி

நேற்று டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார், "சார், ஒங்க சர்வீஸ்ல பெரிய ஃபெயிலியர் எது?" என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு, கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இன்றைக்கு வால்வு, டிரான்சிஸ்டர் கதையெல்லாம் வேண்டாம். அதை உங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

வானொலி நிலையத்தை விட்டு வெளியே போய் நேரடியாக ஒலிபரப்புவதை நாங்கள் ஓ.பி. என்போம். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள், நல்லது, பெயராவது மாறாமல் இருக்கிறது. ஓ.பி. என்று போனால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகத்தான் செய்யும். ஆவுடையார்கோவிலில் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தோம். அந்தக் காலத்துக் கேபிளுக்கு மேலே துணி சுற்றியிருக்கும். ஓர் ஆடு வந்து, நாயனம் ஜோராகப் போய்க்கொண்டிருக்கும்போதே, அந்தத் துணியை நிதானமாகத் தின்று கேபிளையும் கடித்துவிட்டது. நாயனக்காரர் விஷயம் தெரியாமல் கடைசிவரை ஊதினார். நிலையத்தில் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் போய் ஃபெயிலியர் என்று ரிப்போர்ட்டில் எழுதினோம்.

நான் சொல்லப்போவது வேறு. அன்றைக்கு எல்லோரும் விதிப்படிதான் நடந்தோம். யார் மேலும் விரல் நீட்ட முடியாது. அப்படியும் ஒரு குடும்பமே கடலில் போயிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் டெக்னிகல் அசிஸ்டென்ட். கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கோட்டைப்பட்டினத்தில் தர்காவின் கந்தூரித் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி. அதை நேரடியாக ஒலிபரப்புவது என்று நிலையத்தில் முடிவு செய்தார்கள். கிரிக்கெட்டுக்கு வர்ணனை உண்டு, தேரோட்டத்துக்கு உண்டு, கடலில் ஓடுகிற படகுக்கு எங்கள் பக்கம் யாரும் செய்ததில்லை. நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய டூட்டி அது.

கரையோரத்து ஊர்களுக்கெல்லாம் அப்போதுதான் பஞ்சாயத்து ரேடியோ வந்திருந்தது. சின்னதாக ஒரு கட்டடம், உள்ளே ஒரு பெட்டி, கூரை மேலே ஒரு குழாய் ஒலிபெருக்கி. ஊரே கேட்கும். போட்டி பார்க்க ஆண்கள் கோட்டைப்பட்டினம் வந்துவிட்டாலும், பெண்களும் வயசாளிகளும் அவரவர் ஊரில் இருந்தபடியே கேட்கப் போகிறார்கள் என்று எங்களுக்குப் பெருமை. தெற்கே பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினத்தில் ரேடியோக் கட்டடம் கடலைப் பார்த்தே இருந்தது. அந்த ஊர்ப் படகுக்குத்தான் அன்று ஜெயிக்கிற வாய்ப்பு அதிகம் என்று பேச்சு. பச்சைக் கொடி கட்டிய படகு. அதன் தண்டல், அதாவது படகை நடத்துகிற தலைவர், மீராசா என்பவர். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். உரல் மாதிரி உடம்பு. கரையில் நின்று பேசினால்கூட நடுக்கடலில் இருப்பவனிடம் பேசுகிற குரல்தான்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். தபால் ஆபீசிலிருந்து அறந்தாங்கி எக்ஸ்சேஞ்ச் போய், அங்கிருந்து டிரங்க் என்கிற வெளியூர் லைன் வழியாக நிலையத்துக்குப் போகிறது. நிலையத்தோடு நாங்கள் பேசிக்கொள்ள வேறு லைன் கிடையாது. ஒலிபரப்பு போகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பக்கத்தில் ஒரு பாட்டரி ரேடியோவை மெதுவாகப் பாடவிட்டிருந்தேன். வர்ணனைக்கு ஒரு காலேஜ் தமிழ் வாத்தியாரை அழைத்து வந்திருந்தோம். அருமையான குரல். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நாலு அடைமொழி போட்டு மாலை கட்டித்தான் சொல்லுவார்.

சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் போட்டி தொடங்கியது. கடலுக்குள் ஒரு கொடிப்படகை நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போட்டிப் படகுகள் கொடியைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் சாய்வதும் கவிழ்வதும் அந்தப் பக்கத்தில் சகஜம். கவிழ்ந்தால் ஆட்கள் சிரித்துக்கொண்டே படகைப் பிடித்துத் தொங்குவார்கள், அடுத்த படகு வந்து இழுக்கும். அங்கே கடல் ஆழமும் குறைச்சல், அடியெல்லாம் சேறு. கவிழ்ந்தது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் கேலிதான் செய்வார்கள்.

பச்சைக் கொடிப் படகு முதலில் திரும்பியது. அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று, மேற்கேயிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று, திடீரென்று எழும்பி, கரையில் எங்கள் வர்ணனைப் பந்தலின் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "அடடா! முன்னணியில் சீறி வந்த பச்சைக் கொடிப் படகு கவிழ்ந்துவிட்டது! தண்டல் மீராசாவும் அவருடைய தோழர்களும் ஆர்ப்பரிக்கும் கடலிலே..."

என் காதிலிருந்த ஹெட்போன் செத்துவிட்டது. பாட்டரி ரேடியோவில் வெறும் இரைச்சல். வாத்தியாருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்கு, "ஆர்ப்பரிக்கும் கடலிலே நீந்தி, படகின் முதுகில் ஏறி அமர்ந்து, சிரித்தபடி கையசைக்கிறார்கள்!" என்று முடித்தார். அந்தப் பின்பாதி பந்தலில் இருந்த எங்களுக்கும் காற்றுக்கும் மட்டும்தான் கேட்டது. படகைக் கவிழ்த்த காற்றே, அறந்தாங்கி ரோட்டில் ஒரு டெலிபோன் கம்பத்தையும் சாய்த்துக் கம்பியை அறுத்திருந்தது.

சில நொடிகளில் ரேடியோவில் நிலையத்தின் குரல் வந்தது. டூட்டி ஆபீசராக இருந்த அம்மாளின் குரல். "தடங்கலுக்கு வருந்துகிறோம்." தொடர்ந்து வீணை. நேயர்கள் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மன்னிப்புக் கேட்டு இசைத்தட்டு போட வேண்டும் என்பதுதான் விதி. அந்த அம்மாள் விதியை விட வேகமாகச் செய்திருந்தார். நான் நிம்மதியாக ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். நம் வீட்டுக் கதவை யாரோ பொறுப்பாகச் சாத்திவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு நிம்மதி.

டிரைவரை வேனில் அனுப்பிக் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இரண்டாவது வந்த படகு ஜெயித்தது. கவிழ்ந்த படகை இழுத்து வந்தார்கள். மீராசா தண்டலும் ஆட்களும் கைலியைப் பிழிந்துகொண்டு பந்தலில் வந்து உட்கார்ந்து டீ கேட்டார்கள். தோற்ற எரிச்சலில் அவர் காற்றை வைதார், கொடிப்படகை நிறுத்தியவனை வைதார், எங்களையும் சேர்த்து வைதார். "ஒங்க கொழாய்க்காரரு அடடா அடடான்னு கத்துன கத்துல என் ஆளு பராக்குப் பாத்துட்டான் தம்பி." எல்லோரும் சிரித்தோம். டிரைவரும் திரும்பி வந்து இடத்தைச் சொன்னான்.

அப்போதுதான் தெற்கேயிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஜெகதாப்பட்டினத்துக்கும் இங்கேயும் இடையில் ஓர் உப்புக்கழி உண்டு, வேனெல்லாம் போகாது, சைக்கிளையும் தூக்கித்தான் கடக்க வேண்டும். இடுப்புவரை சேறு. சைக்கிள் கேரியரில் ஒரு வெள்ளைத் துணி மடித்துக் கட்டியிருந்தது. அவன் மீராசாவின் மச்சான், மனைவியின் தம்பி, ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவன். பந்தலுக்குள் வந்தவன் டீ கிளாசும் கையுமாக உட்கார்ந்திருந்த தண்டலைப் பார்த்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

தண்டல் அந்தத் துணியைப் பார்த்தார். இஸ்லாமானவர்கள் மையத்துக்கு, அதாவது இறந்தவர் உடம்புக்கு, போர்த்துகிற துணி அது என்று எனக்கே தெரிந்தது.

"யாருக்குடா இது?" என்றார்.

"ஒங்களுக்குத்தான் மச்சான்."

அவன் அழுகையும் பேச்சுமாகச் சொன்னதை நான் கோர்த்துச் சொல்கிறேன். படகு கவிழ்ந்தது என்று ரேடியோ சொன்னபோது ஊரில் சிரித்தார்களாம். மீராசாவே கவுந்துட்டானா என்று கேலிகூடப் பேசினார்களாம். அடுத்து ஒரே இரைச்சல். அப்புறம் அந்த அம்மாளின் குரல். கூட்டச் சத்தத்தில் முதல் வார்த்தை யார் காதிலும் விழவில்லை. வருந்துகிறோம் என்றது மட்டும் கணீரென்று விழுந்தது. அதற்குப் பின்னால் வீணை. சில மாதங்களுக்கு முன்புதான் டெல்லியில் ஒரு பெரிய தலைவர் காலமாகி, ரேடியோ வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க வீணையே வாசித்திருந்தது. அந்தப் பெட்டி ஊருக்கு வந்த பிறகு அவர்கள் கேட்ட முதல் பெரிய சாவு அதுதான். ஆக, கவர்ன்மெண்டே வருத்தம் சொல்லிவிட்டது, இனிமேல் சந்தேகம் எதற்கு? தெருவே அலறியது.

அது மட்டுமென்றால் அழுகையோடு போயிருக்கும், ஆளை நேரில் பார்த்ததும் தீர்ந்திருக்கும். ஆனால் மையத்தைத் தேடி எடுக்க வேண்டுமென்று மீராசாவின் அத்தா, அவரைப் பெற்ற கண் பாதி மங்கிய கிழவர், ஒரு வள்ளத்தை, சின்னப் படகு அது, கடலில் தள்ளச் சொல்லிவிட்டார். அவரோடு மீராசாவின் தம்பி காசிம். அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து வள்ளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். கச்சான் கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. அதில் பாய் விரித்தால் போவது சுகம், போய்க்கொண்டே இருக்கலாம். திரும்பி வருவதுதான் கிடையாது. இதை அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் துக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

தண்டல் கிளாசைக் கீழே போட்டுவிட்டு ஓட எழுந்தார். நான் அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளே, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று. மனதில் ஒரு கணக்குத்தான் ஓடியது. இவர் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வள்ளங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கும். காற்றை முந்திப் போகிற சாமான் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அறுந்து கிடக்கிறது.

"தண்டல், நீங்க ஓடிப் போனா கரைக்குத்தான் போய்ச் சேருவீங்க. ஒங்க கொரலு போனா கடலுக்குள்ளயும் போகும். என்னோட வாங்க" என்றேன்.

"எங்கிட்டு?"

"அறந்தாங்கி ரோட்டுக்கு."

ஊருக்கு எதிர்த்திசை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒன் பேச்ச நம்பி வாரேன். எங்கத்தா திரும்பலைன்னா ஒன்னய விட மாட்டேன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சும்மா தகவலாகத்தான் சொன்னார். மச்சானை அப்படியே சைக்கிளோடு ஊருக்குத் திருப்பி அனுப்பினோம். அவன் போய்ச் சேர்ந்தால் அதுவும் நல்லதுதானே.

இப்போது இங்கே கவனியுங்கள். கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள்? இழுத்துக் கட்டப் பார்ப்பீர்கள். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, கம்பியை இழுத்துக் கட்டி முடிப்பதற்குத் தபால் இலாகா ஆட்கள் வர வேண்டும், விடிந்துவிடும். நான் கம்பியை மைக்கிடம் கொண்டுவரப் பார்க்கவில்லை. மைக்கைக் கம்பியிடம் கொண்டு போனேன். ஆம்ப்ளிஃபையர், பாட்டரி, மைக், பாட்டரி ரேடியோ, கையால் சுற்றுகிற ஃபீல்டு டெலிபோன், அவ்வளவையும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு, சாய்ந்த கம்பத்தைத் தாண்டி, அறந்தாங்கிப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற முதல் கம்பத்துக்குப் போனோம். சுற்றிலும் உடைமரக் காடு. நான் ஏறி இரண்டு கம்பியிலும் கிளிப்பைப் போட்டேன். அவசரத்தில் ஒரு கிளிப் கீழே விழுந்தது. தண்டல் அதை எடுத்துத் தூக்கிப் போட்டார்.

எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் எடுத்தார். உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று டிரங்கை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றார். ஒரு மண்டி வியாபாரி மெட்ராசோடு பேசிக்கொண்டிருக்கிறாராம். வெட்டுங்கள் என்றேன். எந்த விதியில் வெட்டச் சொல்கிறீர்கள் என்றார். கிழவர் ஒருத்தர் கடலில் போய்க்கொண்டிருக்கிறார், அவர் மகன் என் பக்கத்தில் நிற்கிறார், அவரிடமே பேசுங்கள் என்று போனைத் தண்டலிடம் நீட்டினேன். என்ன பேசினாரோ, பேசினாரா இல்லையா என்றே தெரியவில்லை. லைன் கிடைத்தது.

நிலையத்தில் அந்த டூட்டி ஆபீசர் அம்மாள் எடுத்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யார் பதறிக்கொண்டு வந்தாலும் முதலில் பென்சிலைக் கீழே வைப்பார், அப்புறம் கேட்பார். நான் மூச்சு விடாமல் கொட்டினேன். நடுவில் அவர் குறுக்கிட்டது இரண்டே கேள்விக்குத்தான். ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? ஊர்க்காரர்கள் குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொள்வார்களா?

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அவர் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஸ்டுடியோவில் அப்போது ஒரு பெரிய பாகவதர் நேரடிக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். ராகம் பாடும்போது சுருதிப் பெட்டிக்காரர் இருமினாலே முறைக்கிறவர். அவர் கச்சேரியை நிறுத்துவதென்றால் நிலைய டைரக்டர் சொல்ல வேண்டும். டைரக்டர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். முன்கூட்டி எழுதி அனுமதி வாங்காத ஒரு வார்த்தைகூட அந்தக் காலத்தில் வானத்தில் போகாது. ஒரு மீன்பிடித் தண்டலை எழுதாமல் கொள்ளாமல் பேசவிடுவது என்றால் வேலையே போகலாம். கணவனை இழந்து, ஒரு குழந்தையோடு அந்தச் சம்பளத்தில் இருந்தவர் அவர்.

"வருந்துகிறோம்னு சொன்னது என் குரல்" என்றார். "நிறுத்தறதும் என் பொறுப்பு. அவரை மைக் முன்னாடி நிறுத்துங்க."

பாட்டரி ரேடியோவில் பாகவதரின் குரல் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது, அப்படியே தேய்ந்து அடங்கியது. "இப்போது கோட்டைப்பட்டினத்திலிருந்து ஓர் அவசரச் செய்தி" என்றார் அம்மாள். நான் தண்டலுக்குக் கையைக் காட்டினேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் காற்றை வைத, கடலை வைத மனிதர், அந்தச் சின்ன மைக்கைப் பார்த்ததும் பேச்சடைத்து நின்றுவிட்டார். கச்சேரியை நிறுத்தியாகிவிட்டது. மாகாணத்தில் பாதி கேட்டுக்கொண்டிருக்கிறது. மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் எங்களை வெட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். வெட்டவில்லை. சௌக்கியமாக இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லுங்கள் என நான் சைகை காட்டினேன். தலையை ஆட்டினார், சொல்ல வரவில்லை. நாலு பேர் கேட்க வீட்டுப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இந்த மனிதருக்கு நலம் விசாரிக்கத் தெரியாது, வையத்தான் தெரியும். அவர் காதோடு வாயை வைத்து, "கச்சான்ல வள்ளத்த எறக்குனது யாருன்னு கேளுங்க" என்றேன்.

"எவண்டா கச்சான்ல வள்ளத்த எறக்குனது?"

ஆம்ப்ளிஃபையர் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏ காசிம்! கெழவர வச்சுக்கிட்டு எங்கிட்டுடா போற? பாய எறக்குடா! எறக்கிட்டுத் தண்டு போடுடா! நான் இங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், நீ எந்த மையத்தடா தேடுற?"

அதற்கு மேலேயும் சொன்னார். நம் நிலையத்தின் சரித்திரத்தில் அதற்கு முன்னும் பின்னும் ஒலிபரப்பாகாத இரண்டு மூன்று வார்த்தைகள் அதில் இருந்தன. அம்மாள் ஒன்றையும் வெட்டவில்லை. தண்டலுக்கு மூச்சு முட்டி நிறுத்துகிற வரைக்கும் போக விட்டார்.

கிளிப்பைக் கழற்றினேன். எங்கள் குரல் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா, ரேடியோவை யாராவது அணைத்துவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. வேனில் கழிவரை வந்து, அதற்கப்புறம் சேற்றில் இறங்கி நடந்தோம். தண்டல் முன்னால் ஓடிவிட்டார். நான் அவர் சொன்ன வார்த்தையை நினைத்துக்கொண்டே நடந்தேன். கிழவர் திரும்பவில்லையென்றால் அந்த மனிதர் என்னை என்ன செய்தாலும் அது நியாயம்தான் என்று தோன்றியது.

நான் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஊரே கரையில் நின்றது. இறக்கத் தயாராக வைத்திருந்த வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. முதலில் போன வள்ளம் மட்டும் பாயை இறக்கி, தண்டு என்கிற துடுப்பைப் போட்டு, காற்றை எதிர்த்து, அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தது. எதிரே பெரிய படகுகள் போய்க் கயிறு கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தன. அதில் இரண்டு தலைகள் தெரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன்.

கடலைப் பார்த்து இருந்த குழாயிலிருந்து கிளம்பிய குரலைக் கச்சான் காற்றே கடலுக்குள் எடுத்துப் போயிருக்கிறது. காசிம் பின்னால் என்னிடம் சொன்னான்: "அண்ணன் பாய எறக்குன்னா கை தன்னால எறக்கிரும் சார். எறக்குன பெறகுதான், இவரு மௌத்தாப் போனவராச்சேன்னு நெனப்பு வந்துச்சு." கரையேறிய கிழவர் மகனைத் தடவிப் பார்த்தார். பிறகு முதல் வார்த்தையாக, ஊரறிய ரேடியோவில் என்னைக் கெழவன் என்று வைதாயே என்று சண்டைக்குப் போனார்.

எனக்கும் அந்த அம்மாளுக்கும் மெமோ வந்தது, விளக்கம் எழுதினோம், அது பெரிய கதை, வேண்டாம். அம்மாளுடைய வேலை போகவில்லை. பாகவதர் அதற்கப்புறம் எங்கள் நிலையத்துக்குப் பாட வரவே இல்லை. போகட்டும்.

நான் சொல்ல வந்தது கடைசியாக நடந்த ஒன்றைத்தான். அன்றைக்கே மீராசாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ஜொகராவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. வழியில் மச்சான் சொன்னான்: வருந்துகிறோம் என்று கேட்டதும் வயசான பெண்கள் வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் இருந்த கருகமணியைக் கழற்றப் பார்த்தார்களாம். கணவன் கட்டியது, அவன் போனால் கழற்றுகிற வழக்கம். அந்தப் பெண் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ரேடியோவா எனக்குக் கட்டுச்சு? மையத்தப் பாக்காம கழட்ட மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறது. எத்தனை பேர் இழுத்தும் விடவில்லையாம்.

வெளியாட்களிடம் பேசுவதென்றால் அந்த வீடுகளில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். நான் கூடத்தில் நின்று, தங்கச்சி, எங்களால் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கம்பம் சாய்ந்ததை, கம்பி அறுந்ததை, வாத்தியார் மிச்சத்தைச் சொல்லியும் அது போகாததை எல்லாம் விவரமாகச் சொன்னேன். யாரும் தப்புச் செய்யவில்லை என்றும் சொன்னேன். திட்டப்போகிறது என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் நிதானமாக வந்தது.

"மிச்சத்துல என்னண்ணே இருந்துச்சு?"

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டு கையக் காட்டுறாங்கன்னு இருந்துச்சும்மா."

"அத மொதல்ல சொல்லக் கூடாதா? ஆளெல்லாம் நல்லா இருக்காங்க, படகுதான் கவுந்துருச்சுன்னு சொல்லிருந்தா, அதுக்கு மேல அறுந்தா அறுந்துட்டுப் போகுது. எங்களுக்கு என்ன வந்துச்சு?"

நான், கம்பி அந்த நேரம் அறுந்துபோகும் என்று யாருக்கம்மா தெரியும் என்றேன். உள்ளே கிழவரும் மகன்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"கம்பின்னா அறுந்து போகும்னு எங்களுக்குத் தெரியாதுண்ணே. நாங்க பெட்டியக் கேக்குறவங்க. ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றது அந்தப் பெண்.